திருப்பிப் போட்ட ஷெட்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, சகாயராணி இவ்வளவு வாயாடியா என்று யாரும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். வாயாடிதான். ஆனால் ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம் எனக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. பதினோரு மாதமாய் நான் ஆசைப்பட்ட தையல் அறையை என் வீட்டுக்காரர் உள்ளே வெளியே மாற்றிக் கட்டி வைத்திருந்தார்.

வீட்டுக்காரர் ஞானதாஸ் வாத்தியார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். எங்கள் வீடு திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து பூந்தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். என் தையல் மிஷின் அடுப்படி மூலையில் கிடந்தது. ஒரு பக்கம் குழம்பு கொதிக்கும், ஒரு பக்கம் நான் மிஷினை மிதிப்பேன். ஊதாங்குழலை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பேன்.

அப்படித் தைத்துத்தான் முந்தின வருஷம் மானம் போயிற்று. மாதா கோயிலில் முதல்முதலாய் நற்கருணை வாங்குகிற புதுநன்மைப் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைக்கும் வேலையில் ஆறு கவுனைக் கான்வென்ட்டில் என்னை நம்பிக் கொடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்த அன்று சிஸ்டர் அல்போன்சா ஒரு கவுனை எடுத்து முகத்தருகே வைத்தார்.

“ராணி, துணியில அடுப்பு வாசம் அடிக்குதே” என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பக் கொண்டுவந்து மூன்று தடவை அலசினேன். புகை வாசம் போயிற்று, கழுத்தோரத்தில் ஒரு மஞ்சள் மட்டும் போகவே இல்லை. புதுநன்மை அன்று அந்தப் பிள்ளை வரிசையின் நடுவில் நடந்து போனாள். பூசை முழுக்க என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அந்தக் கழுத்துதான் தெரிந்தது.

பூசை முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். “அடுத்த வருஷம் இருபத்தொரு பிள்ளைங்க. புகையில்லாத ஒரு எடம் பாத்து வச்சிட்டன்னா அம்புட்டையும் நீயே தையி. இல்லேன்னா டவுன் டெய்லர்கிட்ட குடுத்துருவேன். கோவிச்சுக்காத.”

நான் கோவித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். சோற்றுக்கு வாத்தியார் சம்பளம் இருந்தது. இந்த ஆசை சோற்றுக்காக வந்தது இல்லை. என் புதுநன்மைக்கு நான் போட்டிருந்தது பெரியக்காவின் பழைய கவுன். அது வெள்ளை என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். இருபத்தொரு பிள்ளைகள் என் கையால் தைத்த வெள்ளையில் பீடத்துக்கு நடந்து போக வேண்டும். அதில் ஒன்றில்கூட மஞ்சள் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அறை கட்டச் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வழியில்லை. அப்போதுதான் ரயிலடிக்குத் தெற்கே இருந்த துரை பங்களாவை இடிக்கிறார்கள் என்று வாத்தியார் கேள்விப்பட்டு வந்தார். துரை கப்பலேறிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பங்களாவை வாங்கிய மண்டிக்காரர் கதவு, ஜன்னல், ஓடு என்று தனித்தனியாய் விற்றுக்கொண்டிருந்தார். தோட்டத்தின் கோடியில் ஒரு ஷெட் நின்றது. மண்வெட்டி, கடப்பாரை, பூந்தொட்டி எல்லாம் போட்டு வைக்கக் கட்டியது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே ஒரு தேளும், அடியில் ஓட்டை விழுந்த பூவாளியும் இருந்தன. வெளியே கறையானுக்குப் பயந்து தார் பூசிக் கன்னங்கரேலென்று இருந்தது. உள்ளே பச்சை பெயின்ட்.

“இதுதான் ராணி உன் தையல் ரூம்” என்றார் வாத்தியார்.

நான் உள்ளே நின்று சுற்றிப் பார்த்தேன். கதவு ஒரு பக்கம், அதற்கு நேர் எதிரில் ஜன்னல். கதவை என் அடுப்படிப் பக்கம் வைத்தால், ஜன்னல் பக்கத்து வீட்டுப் பூந்தோட்டத்தைப் பார்த்து நிற்கும். காலை வெளிச்சம் நேராக மிஷின்மேல் விழும். பச்சைச் சுவர் கண்ணுக்குக் குளிர்ச்சி. எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்களிடம் இருந்த மூன்று ஆட்டில் இரண்டை விற்று ஷெட்டை வாங்கினோம். மிஞ்சியது வெள்ளச்சி என்கிற கிழட்டு ஆடு ஒன்றுதான். அதை விலைக்குக் கேட்க ஆளில்லை.

நாச்சிமுத்து ஆசாரி வந்து பார்த்தார். “பிரிச்சுத்தான் கொண்டு போவணும் வாத்தியாரய்யா. எந்தப் பலகை எங்க இருந்துச்சுன்னு நம்பர் போட்டு வச்சிருங்க. அப்பத்தான் திரும்ப மாட்ட முடியும்” என்றார்.

நம்பர் போடச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த உலகத்தில் அவருக்கு மட்டுமே தெரிந்த வேலையை யாரோ கடைசியில் கேட்டுவிட்ட மாதிரி. வெளிப்பக்கம் தார்மேல் பெயின்ட் பிடிக்காது என்று உள்பக்கம் நின்று, பச்சைமேல் வெள்ளை பெயின்ட்டால் எழுதினார். ஒன்று முதல் எண்பத்து நாலு வரை, ஒவ்வொன்றும் முத்து முத்தாய். அந்த அழகை இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

இரண்டு மாட்டு வண்டியில் பலகை வந்து சேர்ந்தது. பங்குனி வெயிலில் பத்து நாள் நான் தகரத்தோடு மல்லுக்கு நின்றேன். செங்கல் துண்டால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆணி ஓட்டைகளை அடைத்தேன். என் விரல் நகம் எல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. வாத்தியார் வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த துண்டு இடத்தில் கல் நட்டு அடித்தளம் போட்டார்.

ஷெட்டை மாட்டுகிற அன்று நான் அங்கே இல்லை. சிஸ்டர் அல்போன்சாவுடன் டவுனுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். புதுநன்மைக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருந்தது. வெள்ளைத் துணிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கினால், தூரத்திலேயே பச்சைப் பசேலென்று ஷெட் நின்றது. சுற்றிலும் வெள்ளை எண்கள். பார்க்க அழகாய்த்தான் இருந்தது. எரிச்சலே அங்கேதான்.

“என்னங்க, பச்சை ஏன் வெளியே இருக்கு?”

வாத்தியார் சிரித்த முகமாய்த் திரும்பினார். “ஒரு நம்பர் மாறல ராணி. நான் நின்னு ஒவ்வொண்ணா வாசிச்சேன், ஆசாரி ஒவ்வொண்ணா மாட்டுனாரு. எண்பத்து நாலும் சரியா இருக்கு.”

“நம்பர் எந்தப் பக்கம் எழுதுனீங்க?”

“உள்பக்…” என்றவர் அப்படியே நின்றார். கையிலிருந்த நம்பர் தாளைப் பார்த்தார். ஷெட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

ஆசாரி வெளியே நின்று சுத்தியல் பிடிக்கிறவர், நம்பர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே பார்க்க வைத்து மாட்டியிருக்கிறார். நம்பர் உள்ளே இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர், தன் கையெழுத்து வரிசையாய்க் கண்ணுக்கு நேரே நிற்கிற சந்தோஷத்தில் இருந்திருக்கிறார்.

நான் தையல்காரி. எனக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் இடது கை வலது பக்கம் வந்து நிற்கும். அதே கதைதான். கதவு இருக்க வேண்டிய பக்கம் ஜன்னல், ஜன்னல் இருக்க வேண்டிய பக்கம் கதவு. புகைக்குப் பயந்து கட்டிய அறையின் ஜன்னல் என் அடுப்படியைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. பூசின தார் முழுவதும் உள்ளே. உள்ளே திறக்க வேண்டிய கதவு இப்போது வெளியே திறக்கும். வெளியே அரை முழத்தில் பக்கத்து வீட்டுக் கிளுவை வேலி. ஒரு சாண் திறந்ததும் கதவு வேலியில் முட்டி நின்றுவிட்டது.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுத வேண்டாம். கணக்கு வாத்தியாருக்கு உள்ளே எது, வெளியே எது என்று தெரியாதா என்பதில் ஆரம்பித்து அவருடைய அப்பா வரைக்கும் போய்விட்டேன். நாச்சிமுத்து ஆசாரி மெள்ள உளியைப் பைக்குள் போட்டார்.

“பிரிச்சு மாட்டித் தாங்க” என்றேன் அவரிடம்.

“அது ஆகாது வாத்தியாரம்மா. பழைய பலகை. ஒருக்கா ஆணியப் புடுங்குனதே பெருசு. திரும்பப் புடுங்குனா விறகுக்குத்தான் ஆகும். எனக்கும் காலைல ஆத்தூர்ல வண்டி வேலை இருக்கு. பதினஞ்சு நாளைக்குத் திரும்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வாத்தியார் சாப்பிடாமல் படுத்தார். நானும் எழுப்பவில்லை.

இதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் மாயம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கிளுவை வேலி அவளுடையது. வேலிக்கு அப்பால் இருந்த மல்லிகைத் தோட்டமும் அவளுடையதுதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஒரு காலத்தில் என் வீடும் அவள் வீடும் ஒன்றாகத்தான் இருந்தன. காலையில் பூப் பறித்து அனுப்பிவிட்டு நேரே என் அடுப்படிக்கு வந்து கால் நீட்டி உட்காருவாள். நான் காய் நறுக்க, அவள் ஊர்க்கதை சொல்ல, வெஞ்சனம் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தே வேகும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி எங்கள் பக்கம் கொட்டியது. வாத்தியார் அந்தக் கிளையை வெட்டினார். அது பூ வைத்த கிளை. அவள் வந்து கேட்டாள். நான் பேசினேன். நான் பேசினால் எப்படி இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

“உன் மரமும் உன்னை மாதிரிதான். எந்நேரமும் எங்க வீட்டுலயே வந்து விழுந்து கிடக்கு” என்று சொல்லிவிட்டேன்.

அவள் அப்படியே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் மண்ணில் கால் வைக்கவில்லை. சொன்ன மறுநிமிஷமே எனக்கு நெஞ்சு எரிந்தது. போய் மன்னிப்புக் கேட்க மட்டும் கால் வரவில்லை.

பேச்சு நின்றது என்றால் சும்மா இருந்தோம் என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் சண்டை போட்ட பொம்பளைகள் சாடையாய்ப் பேசிக்கொள்வார்கள். சொல்ல வேண்டியதைக் கோழியிடமோ, நாயிடமோ, சுவரிடமோ சொல்வார்கள். கேட்க வேண்டியவள் கேட்டுக்கொள்வாள். எங்களுக்கு வாய்த்தது வெள்ளச்சி. வேலியோரமாய்க் கட்டியிருந்த அந்த ஆட்டிடம் ஏழு வருஷமாய் இரண்டு பேரும் எல்லாவற்றையும் சொன்னோம். அதற்குத் தெரியாத குடும்ப விஷயம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை நான் ஷெட்டுக்குள் எப்படிப் போனேன் தெரியுமா? ஜன்னல் வழியாக. முக்காலியைப் போட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு ஏறிக் குதித்தேன். மிஷின் உள்ளே போக வேண்டுமே? அதைக் கழற்றித் துண்டு துண்டாய் வாத்தியார் ஜன்னல் வழியாய் நீட்ட, நான் வாங்கினேன். பெரிய மனுஷன், பள்ளிக்கூட வாத்தியார், மேல்துண்டு ஆணியில் மாட்டிக்கொள்ள, ஜன்னலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாய்த் தொங்கினார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோபம் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்குகிற ஜாதி இல்லை நான்.

வேலிக்கு அப்பாலும் ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு மாயம்மாளின் குரல்.

“ஏய் வெள்ளச்சி, நம்ம ஊர்ல கதவு வச்ச வீட்டுக்குள்ள ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கிறது திருடந்தானே? இப்ப வாத்தியாரும் குதிக்கிறாராக்கும்!”

நான் ஜன்னலில் தலையை நீட்டி ஆட்டைப் பார்த்துச் சொன்னேன். “வெள்ளச்சி, கதவு இருந்து என்ன செய்ய? ஊரான் வேலி முட்டுது. வெட்டுன்னு சொல்ல நமக்கென்ன உரிமை இருக்கு? ஏற்கெனவே ஒரு கிளைய வெட்டிப்புட்டுப் படுற பாடு போதும்.”

மறுநாள் விடிந்ததும் கதவைத் தள்ளிப் பார்த்தேன். முழுக்கத் திறந்தது. கதவு போகிற அகலத்துக்குக் கிளுவையை அரிவாளால் அறுத்து, குச்சியை எல்லாம் ஓரமாய் அடுக்கியிருந்தது. அவள் தலையில் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“வேலி என்ன வேலி, குச்சிதானே, திரும்ப முளைக்கும்” என்று வெள்ளச்சியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, கதவு திறந்துவிட்டது. அடுப்படியைப் பார்த்த ஷெட் ஜன்னலைச் சாத்திச் சாக்கு அடித்தேன். கதவு வழியாக வெளிச்சமும் காற்றும் தாராளமாய் வந்தன. துணியை வெட்டி உட்கார்ந்தேன். காலை முழுக்க ஒரே சந்தோஷம். உச்சி வெயில் ஏறியதும் தகரம் காய்ந்தது, தகரத்தின் சூட்டில் தார் இளகியது. தைத்த கவுன் கையை எடுத்து வைக்கத் திரும்பினேன். காற்றில் துணி பறந்து சுவரில் தொட்டது. தொட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அந்தக் கையைக் கத்தரித்து எறிந்தேன்.

அன்று சாயங்காலம் வாத்தியார் பரண்மேல் இருந்த பழைய பரீட்சைத் தாள் கட்டுகளை எல்லாம் இறக்கினார். பத்து வருஷத்துக் கட்டு. ஒரு தாளைக்கூடத் தூரப் போட விடாதவர். தானாகவே மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, நாலு சுவரிலும் இரண்டு அடுக்கு ஒட்டினார். அவர் அப்படி மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் பசை தடவிக் கொடுத்தேன். விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் படுத்தோம்.

மறுநாள் மதியம் சரியாய்ப் பன்னிரண்டரைக்குப் பத்து வருஷத்துக் கணக்கும் சுவரை விட்டு உரிந்து என் தலைமேல் விழுந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் தாரோடு சுருண்டு வந்தது. நல்ல வேளை, வெள்ளைத் துணியை மூட்டை கட்டி வைத்திருந்தேன். பதினொரு நாள்தான் பாக்கி. இருபத்தொன்றில் ஒரு கவுன்கூட முடியவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். சிஸ்டரிடம் போய்த் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

கதவு திறந்திருந்தது. எதிரே பத்தடியில் மாயம்மாள் களத்தில் உட்கார்ந்து பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். காலையில் பறித்து ஓலைப்பாயில் கொட்டிய மொக்கு. அவள் கை நின்றது.

“வெள்ளச்சி, இங்க ஒருத்தி அழுகுறாளே, என்னத்துக்காம்?”

வாய் திறந்தால் விக்கல்தான் வந்தது. ஆனாலும் சொன்னேன். ஆட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். போன வருஷத்து மஞ்சள் கழுத்து, டவுன் டெய்லர், தார், பதினொரு நாள் எல்லாம். ஆடு என் மடியிலிருந்த தாள் துண்டைத் தின்றுகொண்டே கேட்டது.

“சுவத்துல ஒட்டுனா உரியத்தான் செய்யும்” என்றாள் மாயம்மாள். “ஒட்டாம தொங்க விட்டா என்ன? மேல ஒரு கட்டைய அடிச்சு, சுவத்துக்கு ரெண்டு விரக்கடை தள்ளி, பாயத் தொங்க விட்டா தார் எங்கிட்டுப் போயி ஒட்டும்? இம்புட்டுப் படிச்ச வீட்டுல இது தோணலையாக்கும்.”

“பாய்க்கு எங்க போறது வெள்ளச்சி? நாலு சுவத்துக்கு எட்டுப் பாய் வேணும்.”

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். நான் முகத்தைக் கழுவ உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கதவுக்கு வெளியே, அவள் மண்ணில், எட்டு ஓலைப்பாய்களும் சுருட்டிச் சாய்த்து வைத்திருந்தன. கிணற்றுத் தண்ணீரில் அலசிய ஈரம் இன்னும் இருந்தது. ஒரு பாய்கூட என் வாசற்படியைத் தொடவில்லை. அதில் அவள் கண்டிப்பாய் இருந்தாள்.

வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரீப்பர் கட்டை அடித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டைக்கும், “ராணி, இது உள்பக்கந்தானே?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். பாய்கள் தொங்கின. கறுப்பு மறைந்தது. உள்ளே மங்கலான பொன்னிறமாய், அழகான ஒரு அறை வந்து நின்றது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில்தான் பார்த்தேன். சித்திரை மாதம், பூக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற சமயம். இருந்த பாயை எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டவள் பூவை எதில் கொட்டுவாள்? தன் சேலைகளை நனைத்துத் தரையில் விரித்துக் கொட்டியிருந்தாள். ஒன்று நல்ல சுங்குடிச் சேலை. மதுரையில் எடுத்தது. வாங்கிய அன்று என் அடுப்படிக்கு வந்து, எனக்குத்தான் முதலில் விரித்துக் காட்டினாள். இப்போது அது மண்ணில் கிடந்தது. கண்ணுசாமி அண்ணன், அவள் வீட்டுக்காரர், சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டே அந்தச் சேலையைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் காடாத் துணி எட்டு கஜம் இருந்தது. வாத்தியாருக்கு மெத்தை உறை தைக்க வைத்திருந்தது. மெத்தை கிடக்கட்டும் என்று, அதை இரண்டாய் வெட்டிச் சேர்த்து, நாலு ஓரமும் மடித்து அடித்து, ஒரு பெரிய விரிப்பாய்த் தைத்தேன். எப்படிக் கொடுப்பது? வெள்ளச்சியின் முதுகில் மடித்துப் போட்டு, வேலிச் சந்து வழியாய் அந்தப் பக்கம் ஓட்டிவிட்டேன். அவள் கைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தக் கழுதை ஒரு மூலையைக் கடித்துவிட்டது.

“ஆத்தீ! சீர் கொண்டு வந்த லட்சணத்தப் பாரு, பாதிச் சீரத் தின்னுட்டு வந்திருக்கு” என்று மாயம்மாள் சிரிப்பது கேட்டது. அடுத்த நாள் பூ அந்த விரிப்பில் கிடந்தது. சுங்குடி கொடியில் காய்ந்தது.

அந்தப் பத்து நாள் மாதிரி நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை. விடிந்தால் கதவைத் திறப்பேன். எதிரே அவள் பூ ஆய்வாள், இங்கே நான் தைப்பேன். நடுவில் ஆடு. அது மென்றுகொண்டே இரண்டு பேர் சொல்வதையும் கேட்கும். ஏழு வருஷத்து ஊர்க்கதை முழுவதும் அதன் காதில் விழுந்தது. நான் ஒரு கவுனை முடித்து உதறிப் பிடித்தால், “வெள்ளச்சி, இது பதினாலாவதா?” என்று கேட்பாள். “பதினஞ்சு” என்று ஆட்டிடம் சொல்வேன். வாத்தியார் சோற்றை வடித்துக் குழம்பும் வைத்தார். உப்பு எல்லா நாளும் கூடுதல்தான். ஒரு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் அல்போன்சா நேரிலேயே பார்க்க வந்துவிட்டார். மறுநாள் புதுநன்மை. மஞ்சளோ புகையோ இருந்தால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் வேண்டும் என்று வந்திருக்கிறார் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்து, வேலிச் சந்து வழியாய்க் கதவுக்குக் கூட்டிப் போனேன்.

“தோத்திரம் சிஸ்டர். உள்ள வாங்க. இதுதான் எடம்.”

கயிற்றில் இருபத்தொரு கவுனும் வரிசையாய்த் தொங்கின. சிஸ்டர் முதல் கவுனின் கழுத்தைப் பார்த்தார். மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றையும் கதவு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், நான் பயந்த மாதிரியே, ஒரு கவுனை முகத்தருகே கொண்டு போனார். போன வருஷமும் இதே மாதிரிதான் நின்றார்.

“ராணி, செண்டு கிண்டு போட்டியா?”

“அய்யய்யோ, சத்தியமா இல்ல சிஸ்டர்!”

“பின்ன இது என்ன வாசம்? மோந்து பாரு.”

வாங்கி முகர்ந்தேன். பத்து நாளாய் உள்ளேயே கிடந்த மூக்குக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஓடிப்போய் நின்று மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப வந்து முகர்ந்தேன். மல்லிகை! எத்தனையோ வருஷம் மொக்கு கொட்டிக் கொட்டி ஊறிய பாய். அலசினாலும் போகாமல், தகரத்துச் சூட்டில் ஆவி பிடித்த மாதிரி வாசம் கிளம்பி, இருபத்தொரு கவுனிலும் ஏறியிருந்தது.

சிஸ்டர் பாயைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “மே மாசம் மாதா மாசம், அதுக்குப் பொருத்தமான வாசந்தான். ஒரு பொட்டு அழுக்கு இல்ல ராணி. இனிமே வருஷா வருஷம் நீதான்” என்றார். “இந்தப் பாய் யாரு குடுத்தா?”

கதவுக்கு வெளியே, வேலிச் சந்தில், மாயம்மாள் நின்றிருந்தாள். இருபத்தொரு பிள்ளைக்கும் தலையில் வைக்கக் கட்டிய மல்லிகைச் சரம் கூடையில் இருந்தது. யாரும் அவளைக் கட்டச் சொல்லவில்லை. கால் மட்டும் என் வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் நின்றிருந்தது.

“எங்க அக்கா சிஸ்டர்” என்றேன். “பக்கத்து வீட்டு அக்கா. இந்த அறையே அவங்களாலதான்.”

மாயம்மாள் குனிந்து ஆட்டின் கழுத்தைச் சொறிந்தாள். குரல் ஒரு மாதிரியாய் இருந்தது. “கேட்டியா வெள்ளச்சி? அக்காவாம். ஏழு வருசங் கழிச்சு அக்காவாம்.”

“ஆட்டுகிட்ட என்னத்துக்குக்கா சொல்ற? எங்கிட்ட சொல்லு” என்றேன். “அன்னைக்கு நான் பேசுனது தப்பு. உள்ள வா.”

அவள் நிமிர்ந்து என்னை நேருக்கு நேர் பார்த்தாள். “வந்தா, எந்நேரமும் வந்து விழுந்து கிடக்கேன்னு சொல்லுவ.”

“விழுந்து கிட. வாசலையே உன் பக்கந்தான வச்சிருக்கேன்.”

அவள் கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள். பின்னாடியே வெள்ளச்சியும் நுழையப் பார்த்தது. வெள்ளைத் துணி இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினோம்.